'உறுதி செய்யவும்' என்று எழுதியவருக்கு

மார்ச் 3

அண்ணிக்கு,

'அன்புள்ள' என்று ஆரம்பிக்கக் கை வரவில்லை. அதனால் வெறும் அண்ணிதான்.

இதையெல்லாம் அண்ணன் வழியாகச் சொல்லி அனுப்பிப் பார்த்தேன். அவன் பாதி வழியிலேயே சர்க்கரை கலந்துவிடுகிறான். "அவங்க எழுதினதை நம்பித்தான் நான் வேலை போய் வீட்ல உட்கார்ந்திருக்கேன்னு போய்ச் சொல்லு" என்றேன். உங்களிடம் வந்து, "தங்கச்சி கொஞ்சம் மனவருத்தத்துல இருக்கா" என்றானாம். கேட்டால் தலையைச் சொறிகிறான். அதனால்தான் தபால். உறையை நன்றாக ஒட்டியிருக்கிறேன், அவன் பிரித்தால் எனக்குத் தெரிந்துவிடும்.

நடந்ததை உங்கள் கம்பெனிக்காரர்கள் உங்களிடம் வேறு மாதிரி சொல்லியிருப்பார்கள். நான் சொல்வதையும் கேளுங்கள். எங்கள் மருத்துவமனை ஆய்வகத்தில் நோயாளிகளின் பதிவுகளைப் பழைய கணினியிலிருந்து புதிய கணினிக்கு மாற்றும் வேலையை என் தலையில் கட்டினார்கள். மென்பொருள் உங்கள் கம்பெனியுடையது. கையேடு நீங்கள் எழுதியது. அட்டையைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்புதான் வந்தது, நம்ம அண்ணி எழுதினது என்று பக்கத்து மேசைக்காரியிடம் காட்டினேன். அந்த வாயை இப்போது அடித்துக்கொள்கிறேன்.

'அனுப்பு' என்பதை அழுத்தவும் என்று போட்டிருந்தீர்கள், அழுத்தினேன். 'பதிவுகள் புதிய கணினியில் முழுமையாகச் சேர்ந்ததை உறுதி செய்யவும்' என்று போட்டிருந்தீர்கள். புதிய கணினிக்குப் போய் உட்கார்ந்து பார்த்தேன். எல்லாப் பெயரும் வரிசையாக இருந்தது. அடுத்த வரியில் 'பழைய பதிவுகளை நீக்கவும்' என்று இருந்தது. நீக்கினேன்.

பெயர்கள்தான் முதலில் வருமாம். ஊசி குத்தி எடுத்த சதையைப் பார்த்து எழுதிய அறிக்கைகள் பின்னால் மெதுவாக வருமாம். பாதி வந்துகொண்டிருந்தபோது நான் பழையதை அழித்துவிட்டேன். மாற்றுப் பிரதி எடுக்கிற இயந்திரத்தையும் அந்த வாரம்தான் கழற்றி மூலையில் வைத்திருந்தார்கள். போனது போனதுதான்.

விசாரணை முடியும்வரை வேலைக்கு வரக்கூடாது என்று காகிதம் கொடுத்துவிட்டார்கள். 'கையேட்டில் தெளிவாகக் கூறியிருந்தும் உறுதி செய்யத் தவறினார்' என்பதுதான் குற்றச்சாட்டு. உங்கள் வார்த்தை, அண்ணி. எடுத்து என் கழுத்தில் மாட்டியிருக்கிறார்கள்.

உங்கள் நாத்தனார்

மார்ச் 9

நாத்தனாருக்கு,

உன் கடிதம் வந்தது. உறை பிரிக்கப்படவில்லை, உன் அண்ணனுக்கு அந்தத் துணிச்சல் கிடையாது.

பதில் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை உன் சித்தப்பா மகள் கல்யாணத்தில், சாப்பாட்டு வரிசையில் நின்ற அத்தனை பேரிடமும் "என் சோத்துல மண்ணைப் போட்டது யார்னு நினைக்கிறீங்க, அதோ நிக்கிறாங்களே, அவங்கதான்" என்று கை நீட்டிக் காட்டினாயே, அதன் பிறகு எழுதாமல் இருந்தால் நான் மனுஷியே இல்லை. அத்தை அன்றிலிருந்து என்னிடம் பேசவில்லை. உன் அண்ணன் இரண்டு வீட்டுக்கும் நடுவில் பஸ்ஸிலேயே குடியிருக்கிறார்.

உன் வாய் எனக்குப் புதிதல்ல. என் கல்யாண வரவேற்பில், என் அலுவலகத் தோழிகளை வைத்துக்கொண்டு, "பட்டனை அழுத்தவும்னு எழுதுறதுக்கெல்லாம் ஒரு சம்பளமா" என்று கேட்டவள் நீ. எனக்குக் 'கையேடு' என்று பட்டப்பெயர் வைத்து, சின்னப் பிள்ளைகளைக்கூட அப்படிக் கூப்பிட வைத்தவள் நீ. இன்றைக்கு அந்தக் கையேட்டைப் படித்ததாகச் சொல்கிறாய். நான் நம்பவில்லை. உன்னைப் போன்றவர்கள் படத்தைப் பார்த்துப் பக்கத்தைத் திருப்புகிறவர்கள்.

நான் எழுதிய வரியில் பிழையில்லை. உறுதி செய்யவும் என்றால் உறுதி செய்ய வேண்டும். நீ பார்த்தாய். பார்ப்பது வேறு, உறுதி செய்வது வேறு. 'பார்க்கவும்' என்று எழுத எனக்குத் தெரியாதா? அந்த வித்தியாசம் புரியாத ஆளிடம் நோயாளிகளின் பதிவுகளைக் கொடுத்தது உன் மருத்துவமனையின் தவறு.

இதற்குமேல் எழுதாதே.

உன் அண்ணன் மனைவி

மார்ச் 14

அண்ணிக்கு,

எழுதாதே என்றால் நான் எழுதுவேன் என்று தெரிந்தேதான் அப்படி முடித்திருக்கிறீர்கள்.

கல்யாண வீட்டில் சொன்னது சொன்னதுதான். வரவேற்பில் சொன்னதும் சொன்னதுதான். அப்போது சும்மா வாய்க்கு வந்ததைச் சொன்னேன், இப்போது மனசார நினைக்கிறேன்.

நான் படிக்கவில்லை என்றா சொல்கிறீர்கள்? வரி வரியாக விரலை வைத்துப் படித்தேன். அதுதான் என் பிரச்னையே. கையேடு இல்லாமல் இருந்திருந்தால் எனக்குப் பயமாக இருந்திருக்கும், பெரியவரைப் போய்க் கேட்டிருப்பேன். (பெரியவர் எங்கள் ஆய்வகத் தலைவர். கேட்டால் எரிந்து விழுவார், ஆனாலும் கேட்டிருப்பேன்.) நீங்கள் அவ்வளவு நிதானமாக, 'அழுத்தவும், உறுதி செய்யவும், நீக்கவும்' என்று அடுக்கியிருந்ததால் எனக்குப் பயமே வரவில்லை. உங்களை நம்பினேன் அண்ணி. வீட்டில் ஒரு நாள்கூட உங்களை நம்பாத நான், கையேட்டில் நம்பினேன்.

இன்னொன்று கேளுங்கள். அறிக்கை காணாமல் போனவர்களை அழைத்து, திரும்ப வரவேண்டும், திரும்ப ஊசி போட வேண்டும் என்று சொல்கிற வேலையையும் எனக்கே கொடுத்தார்கள். அதை முடித்த பிறகுதான் வெளியே அனுப்பினார்கள். ஒரு தையல்காரம்மா. மார்பில் கட்டி. அவர் கத்தவில்லை, திட்டவில்லை. "நான் ஒரு தடவை பயந்து முடிச்சுட்டேனேம்மா" என்றார். எனக்கு அதற்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. உங்களுக்குத் தெரியுமா? நீங்கள்தானே வார்த்தைக்காரர்.

இப்போது ஒரே ஒரு கேள்வி. சண்டைக்குக் கேட்கவில்லை. பார்ப்பது வேறு, உறுதி செய்வது வேறு என்கிறீர்கள். சரி. அந்தத் திரைக்கு முன்னால் உட்கார்ந்து உறுதி எப்படிச் செய்வது? எதை அழுத்துவது, எங்கே பார்ப்பது? ஏப்ரல் இரண்டாம் தேதி விசாரணை. "எப்படிச் செய்யணும்னு இப்ப எனக்குத் தெரியும், இனிமே செய்வேன்" என்றாவது சொல்லித் தப்பிக்கிறேன். சொல்லுங்கள்.

நாத்தனார்

மார்ச் 20

நாத்தனாருக்கு,

நான் இஷ்டத்துக்கு ஒரு வார்த்தையைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சம்பளம் வாங்குவதாக நினைத்துக்கொண்டிருக்கிறாய். அதனால் என் வேலை என்னவென்று சொல்கிறேன், ஒரு தடவையாவது காது கொடுத்துக் கேள்.

ஒரு வரிக்கு ஒரு வினைச்சொல் தேடுவது என்றால், முதலில் அந்த வேலையை நானே செய்து பார்ப்பேன். விரலால் செய்வதென்றால் 'அழுத்தவும்'. பலவற்றில் ஒன்றை எடுப்பதென்றால் 'தேர்ந்தெடுக்கவும்'. திரும்ப எடுக்க முடிவது 'அகற்றவும்', எடுக்கவே முடியாதது 'நீக்கவும்'. ஒரு கையேட்டுக்குள் இதை மாற்றிப் போடவே மாட்டேன். இதற்காக நான் போடுகிற சண்டை உனக்குத் தெரியாது. தலைவலி வரும்வரை சண்டை போடுவேன்.

அந்த வரிக்காகவும் போட்டேன். எங்கள் பொறியாளர் ஒருவன் இருக்கிறான், நாங்கள் அவனுக்கு வைத்த பெயர் 'நாளைக்கு'. எதைக் கேட்டாலும் "நாளைக்குச் சொல்றேங்க" என்பான். அறிக்கைகள் வந்து சேர்ந்துவிட்டதா என்று ஆய்வகத்தில் இருப்பவருக்கு எங்கே தெரியும் என்று அவனிடம் கேட்டேன். நாளைக்கு என்றான். மறுபடி கேட்டேன். மறுபடி நாளைக்கு. கையேடு அச்சுக்குப் போகிற தேதி வந்துவிட்டது.

இந்த மாதிரி நேரத்தில் எழுதுவதற்காகவே எங்கள் அறையில் ஒரு சொல் வைத்திருக்கிறோம். என்ன நடக்கும் என்று எழுதுகிறவருக்கே தெரியவில்லை என்றால் 'உறுதி செய்யவும்' என்று போட்டுவிடுவோம். எல்லாரும்தான். "அந்தப் பக்கம் முடிஞ்சுதா" என்று கேட்டால், "முடிஞ்சுது, ஒரு இடத்துல உறுதி போட்டுட்டேன்" என்று சொல்லிச் சிரித்துக்கொள்வோம். அது விரலால் செய்வதும் இல்லை, கண்ணால் செய்வதும் இல்லை. பொறுப்பு படிக்கிறவரிடம் போய்விடும், அவ்வளவுதான்.

எப்படிச் செய்வது என்று கேட்டாயே. செய்ய முடியாது. உன் திரையில் அது தெரியாது. எத்தனை அறிக்கை வந்து சேர்ந்தது என்ற கணக்கு எங்கள் கம்பெனிக்குள் இருக்கிற ஒரு பக்கத்தில் மட்டும்தான் தெரியும். இதை அந்த 'நாளைக்கு' எனக்குச் சொன்னதே போன வாரம்தான், உன் விஷயம் இங்கே வந்த பிறகு. அந்த இடத்தில் வரவேண்டிய சொல் 'அழைக்கவும்'. எங்களை அழைத்து, வந்துவிட்டதா என்று கேட்டு, பிறகு நீக்கவும். ஆனால் அந்தச் சொல்லை எங்கள் மேலாளர் எந்தக் கையேட்டிலும் விடமாட்டார். அழைக்கவும் என்று எழுதினால் போனை எடுப்பதற்கு ஒரு ஆள் வேண்டுமே.

போதுமா?

உன் அண்ணன் மனைவி

மார்ச் 24

அண்ணிக்கு,

போதும். ரொம்பவே போதும்.

படித்துவிட்டு நான் போட்ட சத்தத்தில் அம்மா பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். சிரித்துக்கொள்வீர்களாமே. ஒரு இடத்தில் உறுதி போட்டுவிட்டேன் என்று சொல்லிச் சிரித்துக்கொள்வீர்களாமே. அந்தத் தையல்காரம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்து உங்கள் அறையில் நிறுத்தட்டுமா, அவரையும் பார்த்துச் சிரிக்கிறீர்களா? போன கடிதத்துக்கு முந்தின கடிதத்தில் எனக்கு வித்தியாசம் புரியவில்லை என்றீர்கள். பார்ப்பது வேறு, உறுதி செய்வது வேறு என்று பாடம் எடுத்தீர்கள். உங்களுக்கே தெரியாததை எனக்குப் புரியவில்லை என்று எழுத எப்படி அண்ணி மனசு வந்தது?

நான் ஒன்று தீர்மானம் பண்ணிவிட்டேன். உங்கள் கடிதத்தை அப்படியே விசாரணையில் வைக்கப் போகிறேன். உங்கள் கையெழுத்து, உங்கள் வாசகம். "கையேட்டில் தெளிவாகக் கூறியிருந்தும்" என்று யார் இனிமேல் சொல்கிறார்கள் பார்க்கிறேன்.

அண்ணன் நேற்று வந்து, "வேண்டாம்மா, அவ வேலை போயிடும்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டான். என் வேலை போனபோது அவன் யார் கையைப் பிடித்தான்? பஸ்ஸில் கம்பியைத்தான் பிடித்திருந்தான்.

நாத்தனார்

மார்ச் 27

நாத்தனாருக்கு,

வை. தாராளமாக வை. நான் உன் காலில் விழப்போவதில்லை, உன் அண்ணனை அனுப்பியதும் நானில்லை.

ஆனால் என்ன நடக்கும் என்று சொல்லிவிடுகிறேன். விசாரணையில் கடிதத்தை வாங்கிப் படிப்பார்கள். "இவங்க உங்களுக்கு என்ன உறவு" என்று கேட்பார்கள். அண்ணி என்பாய். அதோடு முடிந்தது. அண்ணன் பெண்டாட்டி எழுதிக் கொடுத்த காகிதம் என்று ஓரமாக வைத்துவிடுவார்கள். என் வேலையும் போகும், உன் வேலையும் வராது. நமக்குள் நடக்கிற சண்டை அவர்களுக்கு எங்கே தெரியும்? தெரிந்திருந்தால் உறவுக்காக எழுதினேன் என்று ஒருவரும் நினைக்கமாட்டார்கள்.

உனக்கு ஜெயிக்க வேண்டுமா, என்னைப் பழிவாங்க வேண்டுமா? ஜெயிக்க வேண்டும் என்றால் இதைச் செய்.

ஒரு வரி சரியா தப்பா என்று நாங்கள் வாதம் பண்ணிக் கண்டுபிடிப்பதில்லை. அந்த வேலையைச் செய்தே பார்க்காத ஒருவரைத் திரைக்கு முன்னால் உட்கார வைப்போம். கையேட்டைக் கையில் கொடுப்போம். எழுதியவர் பின்னால் நின்றுகொள்வார். அவர் பேசக்கூடாது. தொண்டையைச் செருமக்கூடாது. உட்கார்ந்தவர் தப்பான இடத்துக்குக் கையைக் கொண்டுபோனாலும் தடுக்கக்கூடாது. கையில் இருப்பது காகிதம் மட்டும்தான், அதை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்கிறாரோ அதுதான் அந்த வரியின் லட்சணம்.

உங்கள் ஆய்வகத்தில் பழகுவதற்கென்று இரண்டு கணினி வைத்துக் கொடுத்திருக்கிறோம், அதில் பொய்ப் பதிவுகள்தான் இருக்கும், யாருக்கும் சேதமில்லை. விசாரணையை அங்கே நடத்தச் சொல்லிக் கேள். உன்மேல் யார் புகார் எழுதினாரோ அவரையே உட்காரச் சொல். அந்த வரியைக் காட்டி, "செய்து காட்டுங்க" என்று மட்டும் சொல். அதற்குப் பிறகு வாயைத் திறக்காதே.

அதுதான் உன்னால் முடியாது என்று எனக்குத் தெரியும். பிறந்ததிலிருந்து நீ வாயை மூடி ஒருவரும் பார்த்ததில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நில். நீ ஒரு வார்த்தை பேசினாலும் அவர் கையை எடுத்துவிடுவார், பிறகு நீதான் குழப்பினாய் என்பார்.

உன் அண்ணன் மனைவி

ஏப்ரல் 4

அண்ணிக்கு,

உங்கள் கடிதம் என் கைப்பைக்குள்ளேயே இருந்தது. கடைசிவரை எடுக்கவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், நீங்கள் அரைகுறையாகப் படித்துவிட்டு ஆத்திரப்பட வேண்டாம்.

விசாரணைக்கு நிர்வாகத்திலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார். கண்ணாடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார், முகத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை. என்மேல் புகார் எழுதிய பெரியவர் எழுந்து, "ரொம்ப எளிமையான விஷயம்மா. கையேட்டுல தெளிவா போட்டிருக்கு. சின்னப் பிள்ளைகூட செய்யும்" என்றார். நான், "அப்படின்னா செய்து காட்டுங்க சார்" என்றேன். அந்த அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "காட்டுங்களேன்" என்றார்.

எல்லாரும் பயிற்சி அறைக்குப் போனோம். பெரியவர் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார். நான் பின்னால் நின்றேன். 'அனுப்பு' என்பதை அழுத்தினார். பிறகு வரியைச் சத்தமாகப் படித்தார், எங்களுக்கெல்லாம் பாடம் நடத்துகிற மாதிரி. பக்கத்துக் கணினிக்கு நகர்ந்தார். மேலிருந்து கீழே ஓட்டினார். திரும்பக் கீழிருந்து மேலே ஓட்டினார். என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்கு நாக்கு அரித்தது அண்ணி, சத்தியமாக அரித்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டேன், இருமல் வருகிற மாதிரி. பெரியவருக்கு வேர்த்தது. கடைசியில், "எல்லாப் பெயரும் இருக்கே. உறுதியாயிடுச்சு" என்றார். பழைய கணினிக்கு நகர்ந்து நீக்கிவிட்டார்.

அந்த அம்மா குனிந்து புதிய கணினியில் ஒரு பெயரைத் திறந்தார். உள்ளே வெள்ளையாக இருந்தது. இன்னொன்றைத் திறந்தார். அதுவும் வெள்ளை. பெரியவர் முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் எனக்குச் சந்தோஷமாக இல்லை. நானும் அன்றைக்கு அப்படித்தான் உட்கார்ந்திருந்திருக்கிறேன், அதே மாதிரிதான் மேலும் கீழும் ஓட்டியிருக்கிறேன் என்று தோன்றியது.

குற்றமில்லை என்று எழுதிவிட்டார்கள். வேலைக்குத் திரும்பலாம். ஆனால் சேருவதற்கு முன்னால் ஒரு உறுதிமொழியில் கையெழுத்துப் போட வேண்டுமாம். பெரியவர் எழுதிக்கொண்டு வந்தார். 'இனிமேல் பதிவுகள் முழுமையாகச் சேர்ந்ததை நேரில் உறுதி செய்வேன்.' பார்த்ததும் எனக்கு எங்கே போய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை. அவ்வளவும் நடந்த பிறகு. அவருக்கே முடியாமல் போன பிறகு. இதில் கையெழுத்துப் போட்டால் அடுத்த தடவை விசாரணைகூட வைக்கமாட்டார்கள், நேராக வீட்டுக்குத்தான்.

அந்த வரியை அடித்துவிட்டு என் கையால் எழுதினேன். 'கம்பெனியை அழைத்துக் கேட்பேன். எல்லாம் வந்துவிட்டது என்று அவர்கள் சொல்லும்வரை நீக்க மாட்டேன்.' பெரியவர் குதித்தார். அந்த அம்மா படித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. யாரை அழைப்பீங்க? எண் எங்க இருக்கு கையேட்டுல?" என்றார். இல்லையே. பன்னிரண்டாம் தேதிக்குள் கையேட்டில் எண் வந்தால் என் வாசகம், இல்லாவிட்டால் பெரியவர் வாசகம்.

உங்களிடம் கேட்கக்கூடாது என்று நினைத்தேன். வேறு யாரிடம் கேட்பது என்று யோசித்தும் பார்த்தேன். எண் வேண்டும்.

நாத்தனார்

ஏப்ரல் 10

நாத்தனாருக்கு,

வாயை மூடிக்கொண்டு நின்றாய் என்பதை உன் அண்ணன் இன்னும் நம்பவில்லை. கையால் பொத்தியது கணக்கில் வராது, ஆனாலும் பரவாயில்லை.

எண்ணுக்காக முதலில் எங்கள் பொறியாளர் 'நாளைக்கு'விடம் போனேன். என்ன சொன்னான் என்று நான் எழுத வேண்டியதில்லை. பிறகு மேலாளரிடம் போனேன். உங்கள் மருத்துவமனையிலிருந்து கடிதம் வந்து அவர் ஏற்கெனவே வெந்துபோய் உட்கார்ந்திருந்தார். "உங்க வரியாலதான் இவ்வளவும். இப்ப எண் வேற வேணுமா? யார் எடுப்பா அதை?" என்றார். நான் எடுக்கிறேன் என்றேன். சிரித்தார். எழுதிக் கொடுங்கள் என்றேன். சிரிப்பை நிறுத்திவிட்டு எழுதிக் கொடுத்தார், என் மற்ற வேலை எதுவும் குறையாது, இது மேல்வேலை, எடுக்காமல் விட்டால் நடவடிக்கை என்றெல்லாம் சேர்த்து. கணக்கு தெரிகிற அந்தப் பக்கத்தை எனக்கும் திறந்துவிட்டார்கள்.

புதிய பதிப்பு நேற்று போய்விட்டது. ஒரு பிரதி இத்துடன் வைத்திருக்கிறேன். 'உறுதி செய்யவும்' இருந்த இடத்தில், 'கீழ்க்கண்ட எண்ணை அழைக்கவும். அறிக்கைகள் அனைத்தும் வந்துவிட்டன என்று கூறும்வரை நீக்க வேண்டாம்' என்று இருக்கும். அந்த அம்மாவிடம் காட்டு. உன் வாசகத்தில் கையெழுத்துப் போடு.

எங்கள் அறையில் யாரும் என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. அவர்கள் எழுதியவற்றிலும் அந்தச் சொல் எங்கெங்கே இருக்கிறது என்று தேட ஆரம்பித்திருக்கிறேன், அதுதான் காரணம். நிறைய இருக்கிறது. என்னுடையதில் இன்னும் நிறைய.

நன்றி என்று ஏதாவது எழுதி அனுப்பிவிடாதே. உனக்காக இதைச் செய்யவில்லை. நீ எழுதியிருந்தாயே அந்தத் தையல்காரம்மா, அவர் சொன்னதற்கு என்ன பதில் சொல்வது என்று எனக்கும் தெரியவில்லை. கல்யாண வீட்டில் என்னைக் கை நீட்டிக் காட்டியதை நான் மறக்கவும் போவதில்லை. நம் சண்டை அப்படியே இருக்கிறது, அதில் மாற்றமில்லை.

ஆனால் அந்த எண்ணில் மணி அடித்தால், சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் கையைக் கழுவிவிட்டு நான் எடுத்தாக வேண்டும். உங்கள் ஆய்வகத்திலிருந்து யார் அழைத்தாலும் கேட்டதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். நீ அழைத்தாலும்.

உன் அண்ணி